பெட்ரோல் காரின் இக்னிஷனில் கை வைக்கும் முன்

காரில் இருப்பது 12 வோல்ட்தானே என்ற தைரியத்தில்தான் பலரும் பானெட்டைத் தூக்குகிறார்கள். பேட்டரி மட்டும் என்றால் அந்த நினைப்பில் பெரிய தப்பில்லை. உலர்ந்த கையால் இரண்டு முனையையும் தொட்டாலும் ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த 12 வோல்ட் இக்னிஷன் காயிலுக்குள் போய் வெளியே வரும்போது, பழைய பிளாட்டினம் பாயின்ட் (கரண்டை வெட்டி இணைக்கும் சின்ன ஸ்விட்ச்) வண்டியில் 15,000 முதல் 25,000 வோல்ட்டாக வரும். இன்றைய காயில்களில் 40,000 வோல்ட் வரை போகும்.

காயிலுக்குள் இரண்டு கம்பிச் சுற்றுகள். தடித்த கம்பியில் குறைந்த சுற்று ஒன்று. மெல்லிய கம்பியில் அதைப் போல் சுமார் 100 மடங்கு சுற்று இன்னொன்று. முதல் சுற்றில் 3 முதல் 8 ஆம்பியர் வரை கரண்ட் ஓடி காந்தப்புலத்தை ஏற்றி வைக்கும். பாயின்டோ டிரான்சிஸ்டரோ அந்தக் கரண்டைச் சட்டென்று வெட்டியதும் காந்தப்புலம் சரியும். சரிகிற வேகத்தில் முதல் சுற்றிலேயே 300, 400 வோல்ட் எகிறும். அதன் 100 மடங்கு இரண்டாவது சுற்றில் கிடைக்கும். பெட்ரோலை எரிக்கும் பொறிக்காகப் பிளக்குக்குப் போவது அதுதான்.

அந்த 300, 400 வோல்ட்டைத்தான் பெரும்பாலும் யாரும் கணக்கில் வைப்பதில்லை. தடித்த பிளக் வயரைக் கண்டு பயப்படுகிறவர்கள்கூட, காயிலின் பக்கத்தில் சின்ன நட்டுப் போட்ட டெர்மினலை ‘லோ டென்ஷன்’ என்று சொல்லிச் சாதாரணமாகத் தொடுவார்கள். என்ஜின் ஓடும்போது காயிலின் நெகட்டிவ் டெர்மினலைத் தொட்டால், வீட்டு ஸ்விட்ச் பாக்ஸில் கை வைத்த மாதிரிதான் உதறும்.

இந்த வேலையில் எல்லா எச்சரிக்கையும் ஒரே விஷயத்திலிருந்து வருகிறது. காயில் ஏற்றிவைத்த சக்தி எங்காவது போய்த் தீர வேண்டும். பிளக் வழியாக எர்த்துக்குப் போக வழி இருந்தால் அமைதியாகப் போய்விடும். அந்த வழியை நாம் கழற்றிவிட்டால் அடுத்த சுலபமான வழியைத் தேடும். அது உங்கள் கையாக இருக்கலாம், பக்கத்தில் கசிகிற பெட்ரோல் ஆவியாக இருக்கலாம். இரண்டும் இல்லையென்றால் காயிலின் சொந்த இன்சுலேஷனைத் துளைத்துக்கொண்டு போகும். சில வண்டிகளில் என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈ.சி.யு.வுக்குள் காயிலை இயக்கும் சர்க்யூட்டையும் பலி வாங்கும். ஆகவே ஸ்பார்க் போக வேண்டிய வழியை முதலில் நாம் போட்டுக் கொடுத்துவிட்டு, பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும்.

ஷாக்கைவிடப் பெரிய அடி

காயில் தருகிற ஷாக் ஒன்றிரண்டு மில்லி விநாடிதான் நீடிக்கும். அதில் அடங்கிய சக்தியும் 100 மில்லி ஜூலுக்குள்தான். ஆரோக்கியமான ஆளுக்கு அது பெரும்பாலும் சுளீர் என்று ஒரு அடியோடு போய்விடும். ஆனால் அடி விழுந்ததும் கை தானாக உதறும், தலை பானெட்டின் லாக்கில் மோதும், முழங்கை சுழலும் பெல்ட்டுக்குள் போகும். வொர்க்‌ஷாப்பில் தையல் போடும் காயங்களுக்குக் காரணம் பெரும்பாலும் இந்த உதறல்தான். இதய நோய் உள்ளவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள் கணக்கு வேறு. அவர்கள் ஓடுகிற என்ஜின் மேல் குனியவே வேண்டாம். பக்கத்தில் நின்று சாவி திருப்புகிற உதவிக்கும் வேறு ஆளைப் பார்க்கலாம்.

பெட்ரோல் ஆவி அதைவிட மோசம். பெட்ரோல் ஆவியும் காற்றும் சரியான கலவையில் இருந்தால் கால் மில்லி ஜூல் பொறி போதும், பற்றிக்கொள்ளும். காயில் தருவது அதைப்போல் நூறு மடங்குக்கு மேல். காற்றில் பெட்ரோல் ஆவி 1.4 சதவீதம் இருந்தாலே எரியத் தயார். ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையிலும், ஆயில் மாற்றுகிற பிட்டிலும் போய்த் தேங்கும். மூக்குக்கு வாசனை வராத உயரத்தில் நின்றுகொண்டு ‘ஒன்றும் கசியவில்லை’ என்று சொல்லக்கூடாது.

பானெட் திறந்ததும் செய்ய வேண்டியவை

ஹேண்ட் பிரேக் இழுத்து, கியரை நியூட்ரலில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல்லோ கட்டையோ வைக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில். நிறையப் பேர் வண்டியைக் கியரில் விட்டு நிறுத்துகிற பழக்கம் உள்ளவர்கள். அப்படி நிற்கிற வண்டியில் ஜன்னல் வழியாகக் கையை விட்டு செல்ஃப் அடித்தால் வண்டி ஒரு துள்ளு துள்ளும், முன்னால் குனிந்திருப்பவர் சுவரோடு.

சாவி வேலை செய்கிறவரின் பையில் இருக்க வேண்டும். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் ரிமோட்டை வண்டியை விட்டுத் தள்ளி, வீட்டுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். சிக்னலில் தானாக அணைந்து தானாகக் கிளம்பும் வசதி உள்ள மாடல்களில் என்ஜின் நின்றிருப்பது ‘ஆஃப்’ ஆகாது. பானெட் திறந்தால் அந்த வசதி தானாக ரத்தாகும்படி செய்திருப்பார்கள் என்றாலும், அந்தச் சின்ன ஸ்விட்ச்சை நம்பி விரலைக் கொடுக்க வேண்டாம்.

மோதிரம், வாட்ச், கையில் போட்டிருக்கும் காப்பு, கழுத்துச் செயின், தாலிக்கொடி எல்லாவற்றையும் கழற்றலாம். கழற்ற மனமில்லையென்றால் சட்டைக்குள் விட்டுப் பட்டன் போடுங்கள். இதற்கும் 40,000 வோல்ட்டுக்கும் சம்பந்தமில்லை. பேட்டரி பாசிட்டிவுக்கும் பாடிக்கும் நடுவே மோதிரம் மாட்டினால் சில நூறு ஆம்பியர் அதன் வழியே ஓடும். விரலோடு சேர்ந்து அது சிவக்க ஒன்றிரண்டு விநாடி போதும். லுங்கி, வேட்டி, துப்பட்டா, தொங்கும் சட்டைக்கை எதுவும் பெல்ட் பக்கம் வரக்கூடாது. ரேடியேட்டர் மின்விசிறி, என்ஜினை அணைத்த பிறகும் சூடு ஏறினால் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும் வண்டிகள் உண்டு.

பிளக், காயில், வயர் கழற்றுகிற வேலை என்றால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். எப்போதும் நெகட்டிவ் முதலில் கழலும், கடைசியில் ஏறும். முதலில் பாசிட்டிவில் ஸ்பேனர் வைத்தால், ஸ்பேனரின் மறுமுனை பாடியைத் தொட்ட நொடியில் வெல்டிங் வைத்த மாதிரி பொறி பறக்கும். பேட்டரியின் மேல் ஹைட்ரஜன் இருக்கக்கூடும், அதுவும் சார்ஜ் ஏற்றிய உடனே என்றால் நிச்சயமாக. காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் இருந்தாலே வெடிக்கும். ஜம்ப் ஸ்டார்ட் செய்யும்போதும் கடைசி கிளிப்பை பேட்டரி நெகட்டிவில் போடாமல், தள்ளி என்ஜினின் வெறும் இரும்பில் போடச் சொல்வது இதனால்தான்.

கையுறை பற்றி ஒரு வார்த்தை. பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை இதற்கு ஆகாது. ஹைப்ரிட் வண்டிக்கு வைத்திருக்கும் ‘கிளாஸ் 0’ மின் கையுறைகூட 1,000 வோல்ட்டுக்குத்தான் உத்தரவாதம். கட்டிங் பிளேயர் கைப்பிடியில் 1,000 வோல்ட் என்று அச்சடித்திருப்பதும் அவ்வளவுதான். அதைப் பிடித்துக்கொண்டு ஓடும் என்ஜினில் பிளக் வயரை உருவுகிறவர், 40,000 வோல்ட்டை 1,000 வோல்ட் சட்டையால் தடுக்கப் பார்க்கிறார். வியர்த்த கையோடும் ஈரத் தரையில் வெறுங்காலோடும் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஸ்பார்க் அடிக்கிறதா என்று பார்ப்பது

வண்டி கிளம்பவில்லை என்றால் முதலில் கேட்கிற கேள்வி இது. தமிழ்நாட்டுத் தெருவோர வொர்க்‌ஷாப்பில் நூறு தடவை பார்த்திருப்பீர்கள்: ஒரு பிளக்கைக் கழற்றி, அதையே வயரில் சொருகி, என்ஜின் ஹெட்டின் மேல் படுக்கப் போட்டுவிட்டு, ‘செல்ஃப் அடிங்க’ என்பார்கள். இதில் இரண்டு தப்பு இருக்கிறது.

முதலாவது, அந்தப் பிளக் இருந்த ஓட்டை இப்போது திறந்து கிடக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது பிஸ்டன் மேலே வந்து, பெட்ரோல் கலந்த காற்றை அந்த ஓட்டை வழியே பீச்சும். என்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இஞ்செக்டர் வேலை செய்தால் இது திரும்பத் திரும்ப நடக்கும். பொறி பறக்கும் பிளக் அதற்கு ஒரு ஜாண் தள்ளி. கிளம்பாத வண்டியில் ஏற்கனவே பத்து முறை செல்ஃப் அடித்து உள்ளே பெட்ரோல் தேங்கியிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, படுக்கப் போட்ட பிளக்கின் உடல் எர்த்தைத் தொடுகிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வால்வு கவர் இப்போது பல வண்டிகளில் பிளாஸ்டிக். இரும்பு என்றாலும் பெயின்ட், எண்ணெய்ப் பிசுக்கு. என்ஜின் ஆடும் ஆட்டத்தில் பிளக் உருண்டு நழுவும். நழுவியதைப் பிடிக்கக் கை போகும்.

சரியான முறைக்குக் கூடுதலாக ஒரு பிளக்கும், இரண்டு முனையிலும் முதலைக் கிளிப் வைத்த வயர் ஒன்றும் போதும். சில நூறு ரூபாய்க்கு ஸ்பார்க் டெஸ்டர் கிடைக்கிறது. அது இருந்தால் இன்னும் நல்லது.

என்ஜின் பிளக்குகள் எல்லாம் ஹெட்டில் அப்படியே இருக்கட்டும். இஞ்செக்ஷன் வண்டியில் பெட்ரோல் பம்ப் ஃபியூஸையோ ரிலேயையோ எடுத்துவிடுங்கள். எது என்று ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறம் படம் இருக்கும். எடுத்த பிறகு இரண்டு மூன்று விநாடி செல்ஃப் அடித்தால் குழாயில் நிற்கும் அழுத்தம் குறையும். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் இஞ்செக்டர் நின்றுவிடும் மாடல்கள் நிறைய உண்டு, ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். இஞ்செக்டர் கனெக்டர்களைப் பிடுங்குவது இன்னும் நிச்சயம். மாருதி 800, ஆம்னி போன்ற பழைய கார்புரேட்டர் வண்டியில் ஏர் கிளீனரை அதன் இடத்தில் பூட்டி வைத்திருங்கள்; பேக்ஃபயர் ஆனால் தீநாக்கு கார்புரேட்டர் வாய் வழியாகத்தான் வெளியே வரும்.

சாவி ஆஃபில் இருக்கும்போது ஒரு சிலிண்டரின் வயரை (அல்லது பிளக் மேல் உட்காரும் காயிலை) உருவி, கூடுதல் பிளக்கில் சொருகுங்கள். முதலைக் கிளிப்பின் ஒரு முனையைப் பிளக்கின் மரையில் கடிக்க வையுங்கள், மறு முனையை பெயின்ட் இல்லாத என்ஜின் போல்ட்டில். கிளிப்பை இழுத்துப் பாருங்கள், நழுவக்கூடாது. பிளக்கை எல்லோர் கண்ணுக்கும் தெரியும் இடத்தில், பெட்ரோல் குழாயிலிருந்தும் பேட்டரியிலிருந்தும் தள்ளி, ஒரு டேக்கால் கட்டி நிறுத்துங்கள். அதன் பிறகு கையை எடுத்துவிடுங்கள். மீண்டும் தொடக் காரணமே இருக்கக்கூடாது. பானெட்டின் கீழ் இருப்பவர் இரண்டு கையையும் வெளியே எடுத்துவிட்டு ‘அடி’ என்று சொன்ன பிறகுதான் உள்ளே இருப்பவர் சாவியைத் திருப்ப வேண்டும். ‘ம்’ என்பதையோ தலையாட்டலையோ சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மூன்று நான்கு விநாடி போதும்.

நீலமும் வெள்ளையுமாக, ‘டப் டப்’ என்று சத்தத்தோடு வந்தால் நல்ல ஸ்பார்க். மஞ்சளாக, மெலிந்து, விட்டுவிட்டு வந்தால் பலவீனம். ஆனால் ஒரு விஷயம்: திறந்த காற்றில் சாதாரணப் பிளக்கின் 1 மில்லி மீட்டர் இடைவெளியைத் தாண்ட மூவாயிரம், நாலாயிரம் வோல்ட் போதும். சிலிண்டருக்குள் அழுத்தத்தில் அதே இடைவெளிக்கு அதைப் போலப் பல மடங்கு வேண்டும். ஆகவே வெளியே ஸ்பார்க் வந்ததாலேயே காயில் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. இடைவெளியை அகலப்படுத்தும் திருகு வைத்த டெஸ்டர் இதற்குத்தான். எலக்ட்ரானிக் இக்னிஷனில் 6, 7 மில்லி மீட்டர் தாண்டினால் காயிலைக் குறை சொல்ல முடியாது.

வயரின் நுனியை எதிலும் சொருகாமல் பாடிக்கு அருகில் கையில் பிடித்துக்கொண்டு ‘எவ்வளவு தூரம் பாய்கிறது’ என்று பார்ப்பது இன்னொரு பழக்கம். பாயின்ட் வண்டிகளின் காலத்தில் காயிலும் மன்னித்தது, ஆளும் தப்பித்தார். இன்றைய காயிலில் இதைச் செய்தால், பாய வழியில்லாத வோல்ட்டேஜ் உச்சத்துக்குப் போய் உள்ளே பொத்தல் போடும். அன்றைக்கு நன்றாகத்தான் ஓடும். இரண்டு வாரம் கழித்து மேட்டில் ஏறும்போது ஒரு சிலிண்டர் எரியாமல் மிஸ்ஸிங் அடிக்கும்.

எந்த சிலிண்டர் மிஸ்ஸிங்?

என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, பிளக் வயரை ஒவ்வொன்றாக உருவி ‘எதை எடுத்தால் சத்தம் மாறவில்லை’ என்று கேட்பது பழைய வழி. கேள்வி சரி, வழிதான் தப்பு.

காயில் ஒவ்வொரு பிளக் மேலும் தனித்தனியாக உட்காரும் என்ஜினில் (மாருதியின் கே-சீரிஸ் இப்படித்தான்) சாவியை ஆஃப் செய்து, ஒரு இஞ்செக்டரின் கனெக்டரைப் பிடுங்கி, பிறகு கிளப்பிக் கேளுங்கள். அணைத்து, மாட்டி, அடுத்தது. காயிலின் கனெக்டரை எடுப்பதைவிட இஞ்செக்டருடையதை எடுப்பது நல்லது. ஸ்பார்க்கை மட்டும் நிறுத்தினால் எரியாத பெட்ரோல் சைலென்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரிந்து அதைச் சிவக்க வைக்கும். வண்டிக்குக் கீழே காய்ந்த புல்லோ எண்ணெய்த் துணியோ இருந்தால் அதுவே தீ. நேரடி இஞ்செக்ஷன் டர்போ என்ஜின்களில் இஞ்செக்டர் பக்கமே போக வேண்டாம். குழாயில் 100 பாருக்கு மேல் அழுத்தம். அங்கே ஸ்கேனர் கருவியில் சிலிண்டர் வாரியாகப் பார்ப்பதே வழி.

ஒரே காயிலின் ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் வண்டியில் என்ஜினை அணைத்து, ஒரு வயரை உருவி, அதில் எர்த் செய்த கூடுதல் பிளக்கைச் சொருகி, பிறகு கிளப்புங்கள். அந்த சிலிண்டரின் ஸ்பார்க்குக்கு வழி கிடைத்துவிட்டது. உங்கள் கை இந்தக் கணக்கில் இல்லை. ஒவ்வொரு வயருக்கும் அணைக்க வேண்டும் என்பது சலிப்புத்தான். மூன்று சிலிண்டருக்கு ஐந்து நிமிடம் ஆகும்.

வயர் கசிகிறதா என்று பார்க்கக் கண்ணே போதும். இரவில், விளக்கை அணைத்துவிட்டு, ஓடும் என்ஜினைக் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். கசியும் இடத்தில் நீலமாக மினுங்கும், ‘டிக் டிக்’ என்று கேட்கும். மழைக்காலத்தில் வயர்களின் மேல் சாதாரணத் தண்ணீரை லேசாகத் தெளித்தால் இன்னும் பளிச்சென்று தெரியும். தெளிப்பதை என்ஜின் நின்றிருக்கும்போது செய்யுங்கள். ஈரம் விரட்டும் ஸ்பிரே, கார்புரேட்டர் கிளீனர் எல்லாம் எரியக்கூடியவை. அடித்த உடனே செல்ஃப் போடாமல் பத்து நிமிடம் காய விடுங்கள்.

கழற்றிய பிளக்கின் வெள்ளைப் பீங்கானை வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். பென்சிலால் மெல்லக் கிழித்த மாதிரி மேலிருந்து கீழே ஒரு கறுப்புக் கோடு இருந்தால், ஸ்பார்க் உள்ளே போகாமல் பீங்கானின் வெளிப்புறத்தை வழியாக்கிக்கொண்டிருக்கிறது. அதே கோட்டின் மறுபாதி வயரின் ரப்பர் தொப்பிக்குள் இருக்கும். பிளக்கை மட்டும் மாற்றினால் பழைய தொப்பி புதுப் பிளக்கிலும் அதே கோட்டைப் போடும். இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

பிளக் கழற்றி மாட்டுவது

என்ஜின் ஆறிய பிறகுதான். அலுமினிய ஹெட் சூடாக இருக்கும்போது பிளக்கைத் திருகினால் மரையோடு வரும்; கைச்சூடும் தனி. உருவும்போது வயரைப் பிடித்து இழுக்காமல், தொப்பியைப் பிடித்துக் கொஞ்சம் திருகி இழுங்கள். வயரை இழுத்தால் உள்ளே இருக்கும் கார்பன் இழை அறுந்து, வெளியே தெரியாமல் உள்ளுக்குள்ளே பொறி தாவும். காயில் கனெக்டர், வயர் ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி எண் எழுதிவிடுங்கள். சிலிண்டர்கள் ஸ்பார்க் அடிக்கும் வரிசை மாருதி 800-இல் 1-3-2, அம்பாசடரில் 1-3-4-2. இதை மாற்றிச் சொருகினால் வரும் முதல் பதில் கார்புரேட்டர் வழியாகத் தீ.

பிளக் குழியில் மண்ணும் சில நேரம் சர்வீஸ் ஸ்டேஷன் தண்ணீரும் நிற்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு காற்றடித்து ஊதிவிட்டுக் கழற்றுங்கள். மாட்டும்போது முதல் சில சுற்று கையாலேயே போக வேண்டும். முரண்டு பிடித்தால் மரை கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம். 14 மில்லி மீட்டர் மரை, அலுமினிய ஹெட் என்றால் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர்; 12 மில்லி மீட்டருக்கு 15 முதல் 20. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், கையால் இறுகிய பிறகு புது வாஷர் வைத்த 14 மில்லி மீட்டர் பிளக்குக்கு அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை. பழைய வாஷர் என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்று, கடிகாரத்தின் சின்ன முள் ஒரு மணி நேரத்தில் நகரும் தூரம். தளர்வாக விட்ட பிளக் சூடேறிப் பழுக்கும், ஓட்டத்தில் எகிறியும் வரும். மரையில் கிரீஸ் தடவினால் அதே டார்க்கில் அளவுக்கு மேல் இறுகிவிடும். தரையில் விழுந்த பிளக்கை மாட்டாதீர்கள். பீங்கானுக்குள் மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

பாயின்ட் வண்டிகளும் டைமிங் லைட்டும்

அம்பாசடர், பத்மினி, பழைய மாருதி வைத்திருப்பவர்களுக்கு மட்டும். பாயின்ட் இடைவெளி வண்டிக்கு வண்டி 0.35 முதல் 0.5 மில்லி மீட்டர் வரை மாறும். சரிசெய்யும்போது சாவி ஆஃப். சாவி ஆனில் இருக்க, மூடிய பாயின்டை ஸ்க்ரூ டிரைவரால் திறந்தால், நீங்களே காயிலைச் சுட்டுவிட்டீர்கள். மூடி கழற்றிய டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உங்கள் விரல் இருக்கும். எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டரில் உடலை லேசாகத் திருப்பினாலே இது நடக்கும்.

சாவி ஆனில், பாயின்ட் மூடிய நிலையில் வண்டியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகக்கூடாது. காயிலில் 3, 4 ஆம்பியர் நிற்காமல் ஓடி, எண்ணெய் நிரப்பிய பழைய காயில் கொதித்துப் பிளக்கும்.

பாயின்ட் முழுக்கத் திறக்கும் இடத்துக்கு வர ஃபேன் பெல்ட்டைப் பிடித்து என்ஜினைச் சுற்றும் பழக்கத்துக்கும் இதே விதி. சாவி ஆனில் இருந்தால் என்ஜின் ஒரு தடவை உதைக்கும். ஒரே ஒரு உதைதான், ஆனால் அப்போது விரல் பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவே. கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுச் சுற்றுங்கள்.

டைமிங் லைட்டின் ஆபத்து விசித்திரமானது. முதல் சிலிண்டர் ஸ்பார்க் அடிக்கும்போதெல்லாம் ஒரு மின்னல் வெட்டும். அதனால் சுழலும் புல்லி அசையாமல் நிற்பது போல் தெரியும். புல்லியில் உள்ள டைமிங் குறியைப் பார்க்கத்தானே அந்த விளக்கு. ஆனால் அதே வெளிச்சத்தில் பெல்ட்டில் ஓடும் ஃபேனும் நிற்பது போலவோ, சோம்பலாகச் சுற்றுவது போலவோ தெரியும். விளக்கு ஓடும்போது அந்தப் பக்கம் கையை நீட்டவே வேண்டாம். லைட்டின் வயர்களை என்ஜின் நிற்கும்போதே மாட்டி, பெல்ட்டிலிருந்து ஒதுக்கிக் கட்டிவிடுங்கள். வேலை திறந்தவெளியில் நடக்கட்டும். ஷெட் கதவு மூடியிருந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனை கிடையாது.

வேறு சில வண்டிகள்

சி.என்.ஜி. வண்டியில் சிலிண்டர் வால்வை மூடிவிட்டு ஆரம்பியுங்கள். முழுச் சிலிண்டரில் சுமார் 200 பார் அழுத்தம். கசிந்த சி.என்.ஜி. மேலே ஏறிக் கூரைக்கடியில் சேரும்; எல்.பி.ஜி. கீழே இறங்கி பிட்டில் சேரும். காற்றோட்டம் மேலும் கீழும் வேண்டும். ஹைப்ரிட்டில் ஆரஞ்சு நிற வயர் எதையும் தொடாதீர்கள். அது இந்தக் கட்டுரையின் வேலை அல்ல, பயிற்சி பெற்றவரின் வேலை. இக்னிஷன் ஸ்விட்ச் மாற்ற ஸ்டியரிங் காலத்தைத் திறந்தால் மஞ்சள் கனெக்டர்கள் தெரியும், அவை ஏர்பேக்குடையவை. பேட்டரி கழற்றிய பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று கம்பெனிக்குக் கம்பெனி வேறு மாதிரிச் சொல்வார்கள். 10 நிமிடம் விட்டுவிட்டுத் தொடுவது நல்லது. மஞ்சள் வயரில் டெஸ்ட் லாம்ப் வைக்கவே கூடாது. ஈ.சி.யு.விலிருந்து காயிலுக்கு வரும் சிக்னல் வயரிலும் பழைய பல்பு டெஸ்ட் லாம்ப் வேண்டாம், மல்டிமீட்டர்தான்.

அடித்துவிட்டால், பற்றிவிட்டால்

ஷாக் அடித்தவர் இன்னும் வயரைத் தொட்டுக்கொண்டிருந்தால் முதலில் சாவியை ஆஃப் செய்யுங்கள். எழுந்து நின்று சிரித்தாலும் உடனே வேலைக்கு விடாதீர்கள். நெஞ்சு படபடப்பு, மயக்கம், மூச்சுத் திணறல், கை மரத்துப்போவது எதுவாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் ஒன்றும் தெரியாவிட்டாலும் போக வேண்டும். நினைவில்லாமல் மூச்சும் இல்லையென்றால் நெஞ்சை அழுத்தும் முதலுதவியை ஆரம்பித்துக்கொண்டே தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990.

பானெட்டுக்குள் தீ என்றால் தண்ணீர் வேண்டாம். எரியும் பெட்ரோலைத் தண்ணீர் பரப்பிவிடும். உலர் பவுடர் அல்லது கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான், வேலை செய்யும் இடத்துக்கு இரண்டடி தள்ளி, கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும். டிக்கியில் பூட்டி வைத்தால் பயனில்லை. பானெட் மூடியிருக்கும்போது புகை வந்தால் முழுக்கத் திறக்காதீர்கள், காற்று புகுந்து எகிறும். ஒரு விரல் இடைவெளியில் குழலை விட்டு அடியுங்கள். ஒரு தீயணைப்பான் தீர்ந்தும் அணையவில்லையென்றால் வண்டியை விட்டுத் தள்ளிப் போங்கள்.

வேலை முடிந்ததும் மூடுவதற்கு முன்னால்: முதலைக் கிளிப்பை எடுத்தாயிற்றா, கூடுதல் பிளக் எங்கே, கொண்டுவந்த ஸ்பேனர்கள் எண்ணிக்கை சரிதானா. காயில் போல்ட்டும் கனெக்டரின் பூட்டும் ‘க்ளிக்’ என்று உட்கார்ந்ததா. வயர்கள் சைலென்சர் மேனிஃபோல்டையோ பெல்ட்டையோ தொடவில்லையா. பேட்டரி நெகட்டிவ் கடைசியாக. பம்ப் ஃபியூஸைப் போட்டு, சாவியை ஸ்டார்ட் வரை கொண்டுபோகாமல் இரண்டு முறை ஆன் செய்து ஆஃப் செய்யுங்கள். பம்ப் ‘ம்ம்’ என்று ஓடி நிற்பது கேட்கும். இறங்கி வந்து இஞ்செக்டர் குழாய் ஓரங்களில் ஈரம் இருக்கிறதா, பெட்ரோல் வாசனை வருகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் செல்ஃப் அடிக்கலாம்.